பைக்கை ஸ்டாண்டில் நிறுத்துவது: உருளாமல், கவிழாமல், புதையாமல்

நிறுத்திவிட்டுப் போன வண்டி திரும்பி வரும்போது தரையில் கிடந்தால், "எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான்" என்றுதான் முதலில் தோன்றும். சில நேரம் அது உண்மை. ஆனால் யாரும் தொடாமலே விழும் வண்டிகள் நிறைய. அப்படி விழுவதற்குக் காரணங்கள் மூன்றுதான். வண்டி முன்னால் உருண்டு ஸ்டாண்டு மடங்கியிருக்கும். இல்லையென்றால் போதிய சாய்வில்லாமல் நிமிர்ந்து நின்று வலப்பக்கம் கவிழ்ந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் ஸ்டாண்டின் பாதம் மண்ணிலோ தாரிலோ புதைந்து இடப்பக்கம் படுத்திருக்கும். மூன்றையும் நிறுத்துகிற அந்த அரை நிமிடத்திலேயே தடுத்துவிடலாம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, இடப்பக்கம் குந்தி உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டைக் கையால் மெதுவாக இறக்கிப் பாருங்கள். பாதி தூரம் வரைக்கும் ஸ்பிரிங் உங்கள் கையை எதிர்த்துப் பின்னுக்கு இழுக்கும். பாதியைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் ஸ்டாண்டை முன்னுக்கு இழுத்து, 'டக்'கென்று தடுப்பில் கொண்டுபோய் நிறுத்தும். இப்போது பாதம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலே ஸ்டாண்டு மாட்டியிருக்கும் போல்ட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும். வண்டி பின்னால் நகர்ந்தால் ஸ்டாண்டு தடுப்பில் இன்னும் இறுக உட்காரும். முன்னால் நகர்ந்தால் பாதம் தரையிலேயே நின்றுவிட, போல்ட் அதைத் தாண்டிப் போகும், ஸ்டாண்டு மடங்கும், வண்டி சரியும். கியரைப் பற்றியும் சரிவைப் பற்றியும் இனி சொல்லப்போவதில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டி முன்னால் உருளவே கூடாது.

சைடு ஸ்டாண்டில் நிறுத்தும் முறை

வண்டியில் உட்கார்ந்தபடியே, இரண்டு காலும் தரையில் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளட்ச்சை அழுத்தி முதல் கியரில் போட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை விடுங்கள். நியூட்ரலில் நிறுத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ய வசதி என்பதைத் தவிர அதனால் ஒரு நன்மையும் இல்லை. முதல் கியரில் இருக்கும்போது பின் சக்கரம், செயின், கியர்பாக்ஸ், பிஸ்டன் எல்லாம் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். சக்கரம் உருள வேண்டுமென்றால் பிஸ்டன், சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றை அமுக்கி, அதாவது கம்ப்ரஷனை எதிர்த்து, நகர வேண்டும். செலவே இல்லாத ஹேண்ட் பிரேக் இது.

அடுத்து, இடது காலால் ஸ்டாண்டை முன்னால் தள்ளுங்கள். தடுப்பில் போய் முட்டும் சத்தம் கேட்கட்டும், காலிலும் தெரியட்டும். அவசரத்தில் முக்கால்வாசி மட்டும் இறக்கிவிட்டு வண்டியைச் சாய்ப்பதுதான் பெட்ரோல் பங்கிலும் டீக்கடை வாசலிலும் நடக்கும் விபத்துகள் பலவற்றுக்குக் காரணம். முட்டியது தெரிந்த பிறகு வண்டியை இடப்பக்கம் மெல்லச் சாய்த்து, பாதம் தரையில் படும்வரை எடையைக் கையிலும் காலிலும் தாங்குங்கள். பாதம் பட்டதும் பிரேக்கை விட்டுவிட்டு, வண்டியைப் பின்னால் லேசாக இழுத்துப் பாருங்கள். செயினிலும் கியரிலும் உள்ள தொய்வு அளவுக்குக் கொஞ்சம் நகர்ந்து, நின்றுவிடும். ஸ்டாண்டும் தடுப்பில் இறுகிவிடும். பிறகு ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்பிப் பூட்டுங்கள். ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பி வைத்தால் பல வண்டிகள் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும், அந்தச் சாய்வை இழப்பது நல்லதல்ல.

இறங்கும்போது இடது ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று இறங்காதீர்கள். ஸ்டாண்டு வண்டியின் எடையில் ஒரு பங்கைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. வண்டியோடு ஆளையும் சேர்த்துத் தாங்க அல்ல. சைடு ஸ்டாண்டில் இருக்கும் வண்டிமேல் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது, அப்படியே உட்கார்ந்து கிக்கர் அடிப்பது, இரண்டுமே ஃபிரேமில் ஸ்டாண்டு மாட்டும் காதின் வெல்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விரியவைக்கும். அந்த விரிசல் பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், வெளியே தெரிய நாளாகும்.

இன்னொன்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு விற்பனையான பல வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஸ்டாண்டை இறக்கினால் எஞ்சின் தானே அணைந்துவிடும். அதை நம்பி ஸ்டாண்டைத் தட்டியே வண்டியை அணைப்பவர்கள் சாவியைத் திருப்ப மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் நின்றாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், மாலையில் பேட்டரி செத்திருக்கும்.

சாய்வு எவ்வளவு இருக்க வேண்டும்

நிறுத்திய பிறகு இரண்டு எட்டு பின்னால் போய், நேர்பின்னாலிருந்து வண்டியைப் பாருங்கள். சமதரையில் பெரும்பாலான வண்டிகள் 10 டிகிரிக்குச் சற்று மேலே இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கடிகாரத்தில் 12-ஐ நோக்கி நிற்கும் முள், 11-ஐ நோக்கி மூன்றில் ஒரு பங்கு நகர்ந்தால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு. பின்னர் இடப்பக்கம் நின்று, பின் சீட் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து வலப்பக்கமாக லேசாகத் தள்ளுங்கள். ஸ்டாண்டின் பாதம் சட்டென்று தரையைவிட்டு எழும்பினால் வண்டி அதிகம் நிமிர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். தோளில் பையோடு போகிற ஒருவர் உரசினால் போதும், கவிழ்ந்துவிடும்.

சாய்வு குறைவதற்கு முதல் காரணம் ரோடுதான். மழைநீர் வடியட்டும் என்று தார் ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் பள்ளமாகவும் போடுவார்கள். மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. சரிவு இருக்கும். நம் ஊரில் இடப்பக்கம் போகிறோம் என்பதால், போகிற திசையிலேயே ரோட்டோரம் நிறுத்தினால் ஸ்டாண்டு இருக்கும் பக்கம் தாழ்வாக இருக்கும். வண்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சாயும், பரவாயில்லை. அதே ரோட்டில் எதிர்ப்பக்கக் கடைக்குப் போய், வந்த திசை மாறாமல் நிறுத்தினால் ஸ்டாண்டு மேட்டில், வண்டி பள்ளத்தில். நிமிர்ந்து நிற்கும் வண்டி, சாக்கடைப் பக்கம் விழும். அங்கே நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள், அல்லது ரோட்டுக்குக் குறுக்காக, முன் சக்கரம் ரோட்டின் மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள்.

இரண்டாவது காரணத்தை யாரும் யோசிப்பதில்லை: காற்று இறங்கிய பின் டயர். ராத்திரியில் மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சர் இருந்தால் வண்டியின் பின்பாகம் இரண்டு மூன்று செ.மீ. தாழும். ஸ்டாண்டின் நீளம் அப்படியேதானே இருக்கிறது? வண்டி தாழத் தாழ ஸ்டாண்டு அதை நிமிர்த்தும். காலையில் வலப்பக்கம் விழுந்து கிடக்கும். பார்ப்பவர்கள் நாய் தள்ளியது, பூனை தள்ளியது என்பார்கள்.

பாதத்துக்கு அடியில் என்ன இருக்கிறது

சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் எடையில் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ அந்தச் சின்னப் பாதத்தின் மேல்தான். ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. புல்லட் ரக வண்டியென்றால் 50 கிலோ அளவுக்கு ஒரு தீப்பெட்டி அளவுப் பரப்பில் இறங்குகிறது. கான்கிரீட் தாங்கும். கத்திரி வெயிலில் மதியம் இளகிய தார் தாங்காது. நிறுத்தும்போது ஒன்றும் தெரியாது, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாதம் வெண்ணெயில் விரல் போல இறங்கியிருக்கும். புதிதாகத் தார் போட்ட ரோட்டில் இது இன்னும் மோசம். கடற்கரை மணல், மழை பெய்து ஊறிய செம்மண், கரிசல் எல்லாம் இதே கணக்குதான். கரிசலில் இன்னொரு வஞ்சகம் உண்டு: மேலே காய்ந்து பொருக்கு கட்டியிருக்கும், அடியில் ஈரம் இருக்கும். நீங்கள் மிதித்துப் பார்க்கும்போது தாங்கும், ஸ்டாண்டு ஊன்றினால் பொருக்கு உடையும்.

மருந்து எளிது. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில், 5 மி.மீ. கனத்தில் ஒரு பிளைவுட் துண்டோ தகடோ வெட்டி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். ஸ்டாண்டின் பாதம் 4-க்கு 5 செ.மீ. என்று வைத்தால் எடை இறங்கும் பரப்பு ஐந்து மடங்காகிவிடும். ஒரு மூலையில் துளை போட்டு ஹேண்டில் எட்டும் நீளத்துக்கு நூல்கயிற்றைக் கட்டினால், கிளம்பும்போது ஹேண்டிலில் இருந்தபடியே இழுத்து எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒன்றும் இல்லையென்றால் தட்டையான கல், உடைந்த டைல்ஸ், பெயின்ட் டப்பா மூடி எதுவும் உதவும். கனம் கூடிவிடக் கூடாது, அதுதான் முக்கியம். பாதத்துக்கு அடியில் 1 செ.மீ. ஏறினால் வண்டி சுமார் 2 டிகிரி நிமிரும். 3 அங்குலச் செங்கலை வைத்தால் இருக்கும் சாய்வு முழுக்கப் போய், வண்டி வலப்பக்கம் பார்த்து நிற்கும். செங்கல்லைத் தவிர்த்துவிடுங்கள்.

கெட்டித் தரையிலும் சில இடங்கள் ஏமாற்றும். பேவர் பிளாக் போட்ட நடைபாதையில் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் பட்டால், கல் ஒரு பக்கம் அமுங்கித் தூக்கிக்கொள்ளும். கல்லின் நடுவில் ஊன்றுங்கள். சாக்கடை மேல் போட்ட சிமென்ட் மூடியில் நிறுத்தாதீர்கள். வீட்டுப் போர்ட்டிகோவின் வழுவழு டைல்ஸில் தண்ணீர் பட்டிருந்தால் பாதம் வெளிப்பக்கமாக வழுக்கும், அங்கே ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டைக் கீழே போட்டால் போதும், டைல்ஸிலும் கீறல் விழாது. வைக்கோல் களம், சருகு குவிந்த தோப்பு இவற்றில் நின்றதும் சைலன்சர் எதைத் தொடுகிறது என்று பாருங்கள். நெடுந்தூரம் ஓடி வந்த சைலன்சருக்குச் சருகைப் பற்றவைக்கும் சூடு உண்டு.

மேடு பள்ளத்தில்

ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் மட்டும் அல்ல, ரோட்டைவிட உயரமாகக் கட்டிய வீட்டு வாசலில் சிமென்ட் சரிவு வைத்திருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விதி ஒன்றுதான்: முன் சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும். அப்போது வண்டி உருண்டால் பின்னால்தான் உருளும், ஸ்டாண்டு இறுகும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் முன்னால் உருளும், ஸ்டாண்டு மடங்கும். முதல் கியர் கட்டாயம். ஆனால் செங்குத்தான இடத்தில் கியரும் முழுப் பூட்டல்ல. பிஸ்டன் ஒரு கம்ப்ரஷனைத் தாண்டிக்கொண்டால் வண்டி அடுத்த கம்ப்ரஷன் வரைக்கும் நகரும். அதனால் பின் சக்கரத்தை நடைபாதை ஓரக் கல்லில் முட்டவைத்து நிறுத்துங்கள். ஓரக் கல் இல்லாத இடத்தில் பின் டயருக்குப் பின்னால் ஒரு கல்லை அண்டை கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுவது உங்கள் கடமை. மலைப்பாதைத் திருப்பத்தில் நடு ரோட்டில் விட்டுப்போன கல் அடுத்து பைக்கில் வருகிறவரைத் தூக்கி எறியும். எவ்வளவு சொன்னாலும் இது குறையவில்லை.

சரிவுக்குக் குறுக்காக மட்டும் நிறுத்த வேண்டாம். இடப்பக்கம் மேடாக இருந்தால் வண்டி நிமிர்ந்து வலப்பக்கம் உருளும். இடப்பக்கம் பள்ளமாக இருந்தால் ஸ்டாண்டைத் தாண்டியே சாயும்.

சென்டர் ஸ்டாண்டு: கையால் தூக்க வேண்டியதில்லை

வண்டி ஒரே இடத்தில் ராத்திரி முழுக்க, அல்லது ஒரு வாரம் நிற்கப்போகிறது, தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கிறது என்றால் சென்டர் ஸ்டாண்டுதான் சரி. மெயின் ஸ்டாண்டு என்றும் சொல்வார்கள். 'கனமான வண்டி, எனக்கு முடியாது' என்று ஒதுங்குகிறவர்கள் பெரும்பாலும் கையால் தூக்கப் பார்க்கிறவர்கள். தூக்குவது கை அல்ல, ஸ்டாண்டை மிதிக்கும் காலில் இறங்கும் உங்கள் உடம்பு எடை.

வண்டியின் இடப்பக்கம், வண்டியைப் பார்த்து நில்லுங்கள். இடது கையால் இடது ஹேண்டில் பிடியைப் பிடியுங்கள், ஹேண்டில் நேராக இருக்கட்டும். வலது கையால் பின் சீட்டின் கைப்பிடியையோ, சீட்டுக்குக் கீழே ஃபிரேமையோ பிடியுங்கள். இண்டிகேட்டர், மட்கார்டு, பிளாஸ்டிக் மூடி எதையும் பிடிக்காதீர்கள், கையோடு வந்துவிடும். சைடு ஸ்டாண்டை மடக்குங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இப்போது வலது காலால் சென்டர் ஸ்டாண்டின் மிதியை அழுத்தி இறக்குங்கள்.

இனிமேல்தான் முக்கியம். ஸ்டாண்டுக்கு இரண்டு கால்கள். வண்டியை வலப்பக்கமும் இடப்பக்கமும் மிக லேசாக ஆட்டிப் பாருங்கள், இரண்டு காலும் தரையைத் தொட்டதும் 'டக் டக்' என்று இரண்டு பக்கமும் தட்டும், மிதியிலும் அந்த அதிர்வு தெரியும். ஒரு கால் மட்டும் தொட்டிருக்கும்போது மிதித்தால் வண்டி மறுபக்கம் சுழன்றுபோகும், இடுப்பு பிடித்துக்கொள்வதும் அப்போதுதான். இரண்டும் தொட்டது தெரிந்ததும் வலது கால் முட்டியை நேராக்கி, மாடிப்படி ஏறுவதுபோல் முழு எடையையும் மிதியின் மேல் இறக்குங்கள். வலது கை வண்டியை மேல்நோக்கித் தூக்க வேண்டாம், பின்பக்கமாக வழிகாட்டினால் போதும். வண்டி பின்னால் நகர்ந்து, ஏறி உட்காரும்.

ரப்பர் செருப்போடு இதைச் செய்யாதீர்கள். மிதி சின்னது, செருப்பு வழுக்கினால் மிதி சுழன்று வந்து கணுக்காலில் அடிக்கும். எடை குறைந்தவர்களுக்கு ஒரு வழி: 2 செ.மீ. கனப் பலகையின் மேல் பின் சக்கரத்தை ஏற்றி நிறுத்திக்கொண்டு மிதித்தால், ஏற்ற வேண்டிய உயரம் பெருமளவு குறைந்துவிடும். ஆனால் ஸ்டாண்டின் கால்கள் பலகையில் இல்லாமல் தரையில் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கும்போது முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கி வையுங்கள். வண்டி கை தவறினாலும் அது பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து முன்னால் தள்ளி, பின் சக்கரம் தரையில் பட்டதும் முன் பிரேக்கைப் பிடித்து நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டும் வண்டி முன்னால் நகர்ந்தால் மடங்கும் ரகம்தான், அதனால் இறக்கத்தைப் பார்த்து அதில் நிறுத்தக் கூடாது. பக்கவாட்டுச் சரிவிலும் வேண்டாம், கால்கள் இரண்டும் அருகருகே இருப்பதால் தாழ்ந்த பக்கம் தயங்காமல் கவிழும். லேசான சரிவென்றால் சைடு ஸ்டாண்டே மேல்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விடுவது பலர் செய்யும் வேலை. தயவுசெய்து வேண்டாம். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் துணியோடு விரல் போனால் விரல் திரும்பாது. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் கையால் சக்கரத்தைச் சுற்றியே எண்ணெய் விடலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால், ஓடும் எஞ்சினோடு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் விட்டு நகராதீர்கள்.

காற்றும் கூட்டமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பைக் எம்மாத்திரம். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை வலப்பக்கமிருந்து அடிக்கும் காற்று ஸ்டாண்டின் மேலேயே அழுத்தும், ஒன்றும் ஆகாது. இடப்பக்கமிருந்து அடிக்கும் காற்றுதான் தூக்கிக் கவிழ்க்கும். தென்காசி, தேனி, கோவைப் பக்கம் ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும், ஆகவே முன் சக்கரம் தெற்கைப் பார்க்க நிறுத்தினால் வலப்பக்கம் மேற்காகிவிடும். கவர் போட்டிருந்தால் அது பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும். பலத்த காற்று நாளில் கவரைக் கழற்றிவிடுங்கள், அல்லது வயிற்றோடு கயிறு கட்டி இறுக்குங்கள். புயல் நாளில் திசை பார்த்து நிறுத்துவது பலிக்காது. புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்ப்பக்கமிருந்து வீச ஆரம்பிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைத் தாக்கியதுபோன்ற நாளில், தூணோ கிரில்லோ இருக்கும் இடத்தில் வண்டியைச் சேர்த்து நிறுத்தி, ஃபிரேமில் கயிறு போட்டுக் கட்டுவதுதான் வழி. மரத்தடி கூடவே கூடாது.

ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு பார்க்கிங்கில் ஒரு வண்டி விழுந்தால் வரிசையே விழும். சைடு ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால், யாராவது தன் வண்டியை எடுக்கும்போது பக்கத்து வண்டியை வலப்பக்கம் நிமிர்த்தித் தள்ளினால் சரிவு தொடங்கும். வலப்பக்கம் ஒரு தூணோ சுவரோ இருக்கும் இடம் கிடைத்தால் அதைப் பிடியுங்கள். பக்கத்து வண்டியின் ஹேண்டிலுக்கும் உங்கள் ஹேண்டிலுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம் விடுங்கள். டோக்கன் கொடுக்கும் அண்ணன் இடம் பண்ண வண்டிகளை நகர்த்துவார் என்றால், ஹேண்டில் பூட்ட வேண்டுமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். பூட்டிய வண்டியைப் பின்பக்கம் தூக்கி இழுத்து வைக்கும்போது ஸ்டாண்டு பாதி மடங்கிய நிலையில் நின்றுவிடுவது உண்டு.

பாரம் ஏற்றும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டில் இருக்கட்டும், மூட்டையை நடுவிலிருந்து ஏற்றுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் பாரம் கூடினால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு, பின் சக்கரம் தரையைத் தொட்டு, வண்டி ஸ்டாண்டிலிருந்து உருண்டு இறங்கிவிடும். பால் கேன், குடம் இரண்டு பக்கமும் தொங்கவிடுவதென்றால் சைடு ஸ்டாண்டில் இருக்கும்போது வலப்பக்கக் கேனை முதலில் மாட்டாதீர்கள். இடது, பிறகு வலது. இறக்கும்போது வலது, பிறகு இடது.

ஸ்கூட்டரும் எக்ஸ்எல்லும்

இவற்றுக்குக் கியரில் நிறுத்தும் வழி கிடையாது. எஞ்சின் அணைந்ததும் கிளட்ச் தானே விட்டுவிடும், பின் சக்கரம் சுதந்திரமாக உருளும். டிவிஎஸ் எக்ஸ்எல் 100-ம் இதே ரகம். சில ஸ்கூட்டர்களில் இடது பிரேக் லீவரை அழுத்திப் பிடித்து மாட்டும் சின்னப் பூட்டு இருக்கும், சரிவில் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாத வண்டியில் பிரேக் லீவரைப் பிடியோடு சேர்த்து ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடலாம், கடைக்குப் போய்வரும் நேரத்துக்கு அது தாங்கும். சமதரையில் சென்டர் ஸ்டாண்டே போதும். ஸ்கூட்டரில் அது அவ்வளவு சுலபம், சோம்பல்படக் காரணமே இல்லை.

ஸ்டாண்டுக்குச் செய்ய வேண்டிய பராமரிப்பு

மெக்கானிக் கடையில் சொல்லாவிட்டால் யாரும் கவனிக்காத பாகம் இது. ஒவ்வொரு சர்வீஸிலும் ஸ்டாண்டு போல்ட்டைச் சுற்றியுள்ள சேற்றைத் துடைத்துவிட்டுக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். காய்ந்த சேறு அடைத்தால் ஸ்பிரிங் இழுத்தாலும் ஸ்டாண்டு முழுக்க மடங்காது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சைடு ஸ்டாண்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 1 செ.மீ.க்கு மேல் ஆடினால் போல்ட்டோ துளையோ தேய்ந்துவிட்டது, வண்டி வர வர அதிகம் சாயும். முதலில் போல்ட்டை மாற்றுங்கள். ஸ்டாண்டு வளைந்திருந்தால் வெல்டிங் பட்டறையில் சூடாக்கி நிமிர்த்துவதைவிடப் புதிதாக வாங்குவதே உத்தமம், சூடுபட்ட இடம் மறுபடி அதே இடத்தில் வளையும்.

ஸ்பிரிங் தளர்ந்ததற்கு அடையாளம், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடப்பக்கம் 'டங்' என்ற சத்தம். மடக்கிய ஸ்டாண்டு துள்ளி இறங்கி ஏறுகிறது. அன்றே மாற்றுங்கள். மாற்றும்போது கெட்டியான கயிற்றை ஸ்பிரிங்கின் கொக்கியில் வளையமாகப் போட்டு இழுத்து மாட்டுங்கள். ஸ்பேனரால் நெம்பும்போது ஸ்பிரிங் தெறித்தால் நேரே முகத்துக்குத்தான் வரும், கண்ணாடி அணியாமல் இதில் கைவைக்க வேண்டாம்.

பெரிய டயர் போட்டாலோ பின் ஷாக்கைக் கெட்டியாக்கி வைத்தாலோ வண்டி உயரும், ஸ்டாண்டு குட்டையானதுபோல் ஆகி அதிகம் சாயும். வண்டியைத் தாழ்த்தினால் இதற்கு நேர் எதிராக நிமிரும். மாற்றம் செய்த அன்றே பின்னாலிருந்து சாய்வைப் பாருங்கள்.

கிளம்பும்போது

நம் ஊர் ரோட்டில் ஒரு நல்ல வழக்கம் இன்னும் இருக்கிறது. ஸ்டாண்டை எடுக்காமல் போகும் வண்டியைப் பார்த்தால், முன்பின் தெரியாதவர்கூட "அண்ணே, ஸ்டாண்டு ஸ்டாண்டு!" என்று கத்துவார், பஸ் ஜன்னலிலிருந்தும் கை நீட்டிக் காட்டுவார்கள். அவர் கத்துவதற்கு முன்பே இடது திருப்பம் வந்துவிட்டால்தான் ஆபத்து. வண்டி சாயும்போது இறங்கியிருக்கும் பாதம் ரோட்டில் குத்தி, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து நெம்பிவிடும். முதல் கியர் போடும் முன் இடது குதிகாலால் ஸ்டாண்டு இருக்கும் இடத்தை ஒரு தட்டு தட்டுங்கள். பத்து நாள் செய்தால் கால் தானே செய்யும். யாராவது கை காட்டினால், உடனே குனிந்து பார்க்காமல் வேகத்தைக் குறைத்து, நேராக நிறுத்தி, பிறகு மடக்குங்கள்.

விழுந்த வண்டியைத் தூக்குவது

முதலில் சாவியை அணையுங்கள். பெட்ரோல் கசிகிறதா பாருங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் யாரும் பற்றவைக்க வேண்டாம். வண்டியை முதல் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டு மேலே தெரியும், தூக்கும் முன்பே அதை முழுக்க இறக்கி வையுங்கள், நிமிர்ந்த வண்டி அந்தப் பக்கம் போய் விழாது. சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் கீழே இருக்கும் ஹேண்டில் பிடியையும், மறு கையால் பின் கைப்பிடியையும் பிடித்து, முதுகை நேராக வைத்து, தொடைப் பலத்தால் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடந்து எழுப்புங்கள். குனிந்து இழுத்தால் வண்டி எழும், இடுப்பு போகும்.

இடப்பக்கம் விழுந்திருந்தால் கிளட்ச் லீவரையும் கியர் மிதியையும் பாருங்கள். வலப்பக்கம் என்றால் முன் பிரேக் லீவர், பின் பிரேக் மிதி. லீவர் லேசாக வளைந்திருந்தால் அங்கேயே நெம்பி நிமிர்த்தாதீர்கள், அலுமினியம் பட்டென்று உடைந்துவிடும், வளைந்தபடியே மெக்கானிக் கடைவரை ஓட்டிப் போகலாம். எழுப்பியதும் உடனே ஸ்டார்ட் செய்யாமல் ஐந்து நிமிடம் சென்டர் ஸ்டாண்டில் நிற்கட்டும், சிதறிய எண்ணெயும் பெட்ரோலும் தத்தம் இடத்துக்கு இறங்கும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு ஆயில் அளவைப் பாருங்கள்.